பழைய மரப்படகின் வெளிப்புறத்தைச் சீரமைக்க: பெயிண்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

பழைய மரப்படகு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, உரிந்து தொங்கும் பெயிண்டைத் தேய்த்தெடுத்துவிட்டுப் பளபளவென்று புதிதாக அடித்துவிட வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. என் முதல் படகை ஒரே வாரத்தில் தேய்த்து, பலகைகளுக்கு நடுவே தெரிந்த இடுக்குகளில் எல்லாம் கல் மாதிரி இறுகும் எபாக்ஸி பட்டியைத் திணித்து, மேலே இரண்டு கோட் பெயிண்டும் அடித்தேன். பார்க்க மணமேடை மாதிரி இருந்தது. தண்ணீரில் இறக்கிப் பத்து நாள் கழித்து உள்ளே குனிந்து பார்த்தால் விலாச்சட்டம் ஒன்று குறுக்கே விரிசல் விட்டிருந்தது. காய்ந்து சுருங்கியிருந்த பலகைகள் தண்ணீரைக் குடித்து உப்பின, உப்புவதற்கு விட்டிருந்த இடத்தையெல்லாம் நான் அடைத்து வைத்திருந்தேன், அவை எதையாவது தள்ளித்தானே ஆக வேண்டும், சட்டத்தைத் தள்ளிவிட்டன.

அதனால் வேலையை ஆரம்பிக்கும் முன் இதை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில் நன்றாகவே மாறும். ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்தை எட்டும்வரை மரம் உப்பிக்கொண்டே போகும், காய்ந்தால் அதே அளவு சுருங்கும். ஒரு சாண் அகலப் பலகை காய்வதற்கும் ஊறுவதற்கும் இடையில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும், அதைப் பலகைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்கள் இந்த அசைவுக்கு இடம் விடுவது பற்றியவை.

எந்த மாதிரிப் படகு என்று பாருங்கள்

பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி, வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தால் இடுக்குகளில் பஞ்சு அடைத்த படகு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதற்குத்தான். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகை மேல் ஏறி, வரிசையாக ரிவெட் அடித்திருந்தால் அது வேறு வகை. அதற்குப் பஞ்சும் தேவையில்லை, அந்த ஏறிய விளிம்புகளுக்குள் பட்டி திணிக்கவும் கூடாது. திணித்தால் பலகைகள் உப்பும்போது ரிவெட்டுகளே இழுபட்டுத் தளரும். பிளைவுட்டில் பசை போட்டுக் கட்டிய படகென்றால் மரம் அவ்வளவாக அசையாது, எபாக்ஸியும் கண்ணாடியிழைத் துணியும் அங்கே தாராளமாகப் போடலாம்.

பஞ்சு அடைத்த பழைய படகின் மேல் கண்ணாடியிழை ஒட்டிவிட்டால் ஒழுகலே நின்றுவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிடுங்கள். உள்ளே அசையும் மரம், வெளியே அசையாத ஓடு, இரண்டுக்கும் நடுவே சிக்கிய ஈரம். ஒருசில வருடத்தில் ஓடு மட்டும் நல்ல நிலையில் இருக்கும்.

நிறுத்தி வைப்பது

எடை முழுவதும் ஏராவின் மேல், அதாவது அடிக்கட்டையின் மேல், உட்கார வேண்டும். ஏராவுக்கு அடியில் மூன்று நான்கு இடத்தில் தடித்த கட்டைகளை மட்டம் பார்த்து வையுங்கள். பக்கவாட்டுத் தாங்கிகள் படகு சாயாமல் பிடிக்க மட்டும்தான், அவற்றின் மேல் எடை ஏறினால் பலகை உள்ளே குழியும். தாங்கியைச் சட்டம் இருக்கும் இடத்துக்கு நேராக வைப்பது நல்லது.

அப்புறம் நிழல். வெயிலில் விட்டால் ஒரே மாதத்தில் இடுக்குகள் விரல்நகம் நுழையும் அளவுக்குத் திறந்துவிடும். மேலே தார்ப்பாய் கட்டுங்கள், ஆனால் படகோடு ஒட்டிப் போர்த்தாமல் கூடாரம் மாதிரி, இரண்டு பக்கமும் காற்று புகுந்து போகும்படி.

குத்திப் பார்ப்பது

ஒரு குத்தூசி அல்லது பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சிறிய சுத்தி, ஒரு சாக்பீஸ். இவ்வளவுதான் வேண்டும். சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், மக்கிய மரம் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி ‘தொப்’ என்னும். சந்தேகப்பட்ட இடத்தில் குத்தூசியை இறக்குங்கள். வைரம் பாய்ந்த மரத்தில் முனை நுழையவே சிரமப்படும், நெம்பினால் நீளமான சிம்பாக எழும்பும். மக்கிய மரத்தில் ஊசி தானாக இறங்கும், நெம்பினால் குட்டையாக, சத்தமில்லாமல், பிஸ்கட் மாதிரி உடையும்.

எங்கே தேடுவது? தண்ணீருக்கு அடியில் இருந்த பலகைதான் கெட்டிருக்கும் என்று நினைப்போம். உண்மையில் கடல்நீர் மக்க வைக்கும் பூஞ்சைக்கு ஆகாது, மழைநீர்தான் அதற்கு விருந்து. முன்காலத்தில் மரக்கப்பல்களின் சட்டங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்ததே இதற்காகத்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பொதுவாக வளராது, எப்போதும் சொட்டச்சொட்ட ஊறிக் கிடந்தாலும் காற்றில்லாமல் வளராது. நடுவில் இருக்கும் அரைகுறை ஈரம்தான் ஆபத்து. ஆகவே மேல்தளமும் பக்கப் பலகையும் சேரும் மூலை, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், பலகை முனைகள் வந்து முட்டும் இடம், பின்பலகையின் விளிம்பு, பலகைகளின் வெட்டுமுனை எல்லாம், மேலே இருக்கும் ஒவ்வொரு ஆணித்துளையும். இவற்றை முதலில் குத்துங்கள்.

கடலில் கிடந்த படகென்றால் கப்பல் புழுவையும் பாருங்கள். பெயர்தான் புழு, நிஜத்தில் சிப்பி இனம். குண்டூசித் தலை அளவு துளையில் நுழைந்து உள்ளே விரல் பருமனுக்குக் கூட வளரும். வெளியே பலகை நன்றாகத் தெரியும், உள்ளே தேன்கூடு. படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சில வாரம் காய வைத்தால் அவை செத்துவிடும், ஆனால் தின்றது தின்றதுதான்.

கெட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, போட்டோ எடுத்து வையுங்கள். சுரண்ட ஆரம்பித்ததும் குறி அழிந்துவிடும்.

சுரண்டுவது

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான், தோள்பட்டை முதல்நாளே சொல்லிவிடும்.

முதலில் பாதுகாப்பு. பழைய பெயிண்டில், அதுவும் அடியில் தெரியும் செந்நிற பிரைமரில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தில் பாசி, சிப்பி ஒட்டாமல் இருக்க அடித்த பெயிண்டில் செம்பு இருக்கும், ரொம்பப் பழசென்றால் டிரைபியூட்டில்டின் என்ற வெள்ளீயச் சேர்மமும் இருக்கலாம். அதைக் கப்பல்களில் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உலர்ந்த பெயிண்டை மெஷினால் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், இல்லையென்றால் சுரண்டுங்கள். நுண்தூளையும் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட முகமூடி கட்டாயம், துணியைச் சுற்றிக்கொண்டால் போதாது. கீழே பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததை அன்றன்றே சுருட்டிக் கட்டுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம், நீங்களும் அந்த உடையோடு சாப்பிட உட்கார வேண்டாம்.

மேல்பக்கத்து எண்ணெய் பெயிண்டுக்கு ஹீட் கன்னும் சுரண்டியும் நல்ல ஜோடி. பெயிண்ட் லேசாகச் சுருங்கி எழும்பும் வரைக்கும் மட்டும் சூடு, அது புகையக் கூடாது. புகைகிறது என்றால் ஈயப் புகையைச் சுவாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். நெருப்புச் சுடர் வேண்டவே வேண்டாம். அடிப்பாகத்துப் பெயிண்டுக்கு ஹீட் கன்கூட வேண்டாம், நனைத்துச் சுரண்டினால் போதும்.

சுரண்டியை மரத்தின் நார் ஓடும் திசையிலேயே, தன் பக்கம் இழுங்கள். அதன் நான்கு மூலையையும் அரத்தால் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பலகையில் கோடு கோடாகக் கீறும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரத்தால் இரண்டு இழுப்பு. கூர் மழுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், சுருளாக வந்துகொண்டிருந்த பெயிண்ட் தூளாக வர ஆரம்பிக்கும், உங்கள் கையும் தானாக அழுத்தத்தைக் கூட்டும். அந்த நொடியில் நிறுத்திக் கூர் போடுங்கள். அழுத்திச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் பலகையைக் குழி பண்ணுகிறார்கள்.

கிரைண்டரைத் தொடாதீர்கள். அது ஒரு விநாடியில் போடும் பிறைக்குழியை எடுக்க ஒரு நாள் ஆகும், பளபள பெயிண்ட் அடித்ததும் அந்தக் குழி ஒவ்வொன்றும் பத்தடி தூரத்திலிருந்தே உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

பெயிண்ட் நன்றாக ஒட்டிப் பிடித்திருக்கும் இடத்தை மரம் தெரியும் வரைக்கும் எடுக்க வேண்டிய அவசியமில்லை. விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம்.

ஆணிகளும் முளைகளும்

பெயிண்ட் போனதும் வரிசையாகச் சின்னச் சின்ன மர வட்டங்கள் தெரியும். அவை ஸ்க்ரூ தலைகளை மூடிய முளைகள். ஒன்றிரண்டை உளியால் நோண்டி ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். சுற்றியிருக்கும் மரம் மை ஊற்றின மாதிரி கறுத்திருந்தால் இரும்பு துருப்பிடித்து மரத்தையும் தின்கிறது. மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை இளஞ்சிவப்பாக இருந்தால் அதிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விட்டது, கையால் திருகினாலே ஒடியும். மாற்றுவதென்றால் சிலிக்கான் வெண்கலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்ணீருக்கு மேலே சரி, தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாத ஈர மரத்துக்குள் அதுவும் அரிக்கும். உலோகங்களைக் கலக்காதீர்கள். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை எச்.எம்.எஸ். அலாரம் என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்திப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது செம்பு தொட்ட இடத்தில் இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன, தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் நடுவே ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் ஆணி நன்றாக இருந்தது. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் நடப்பது இதுதான்.

புது ஸ்க்ரூ போட்டதும் முளை அடிக்க வேண்டும். முளையின் நார் பலகையின் நாரோடு ஒரே திசையில் இருக்கட்டும், வார்னிஷில் தோய்த்து அடித்தால் போதும், எபாக்ஸி போட்டால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டுவார். காய்ந்த பிறகு துருத்திக்கொண்டிருக்கும் தலையை ஒரே வெட்டில் சீவாதீர்கள். பாதி உயரத்தில் முதல் வெட்டு. நார் மேல்நோக்கி ஏறுகிறதா கீழ்நோக்கி இறங்குகிறதா என்று அந்த வெட்டிலேயே தெரிந்துவிடும். இறங்குகிறது என்றால் உளியை எதிர்ப்பக்கத்திலிருந்து வையுங்கள். பார்க்காமல் சீவினால் முளை பலகை மட்டத்துக்குக் கீழே பிய்ந்துபோய் அங்கே ஒரு பள்ளம் விழும், மறுபடி நோண்டி மறுபடி அடிக்க வேண்டும்.

மக்கிய மரத்துக்குப் பதில் மரம்

மக்கியதை முழுக்க வெட்டி எடுங்கள், நல்ல மரம் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளி. பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் போயிருக்கும். சிறிய பள்ளத்துக்கு அதே வகை மரத்தில் துண்டு செய்து ஒட்டலாம். பலகையின் ஒரு நீளத்தையே மாற்றுவதென்றால் இரண்டு முனையும் நேராக முட்டக் கூடாது, சாய்வாகச் சீவி ஒன்றின் மேல் ஒன்று படுக்க வேண்டும். சாய்வின் நீளம் பலகையின் கனத்தைப்போல் குறைந்தது 8 மடங்கு, 12 மடங்கென்றால் இன்னும் நல்லது. எபாக்ஸி போடும் இடம் காய்ந்திருக்க வேண்டும், ஈர மரத்தில் பிடிக்காது. இறுகிய எபாக்ஸி மேல் சில சமயம் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும், தேய்ப்பதற்கு முன்பே தண்ணீரால் கழுவுங்கள், இல்லாவிட்டால் மேலே அடிப்பது ஒட்டாது.

மக்கின இடத்தில் திரவ எபாக்ஸியை ஊற்றி இறுக வைத்துவிடலாம் என்பவர்கள் உண்டு. அழகுக்கு இருக்கும் சின்ன மரத்தில் செய்துகொள்ளுங்கள், படகைத் தாங்கும் பலகையில் வேண்டாம்.

இடுக்குகள்: கலப்பத்து அடிப்பது

கலப்பத்து என்பது பலகை இடுக்கில் பஞ்சை அடைத்து ஒழுகலை நிறுத்துவது. என் சட்டத்தை உடைத்த இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இடுக்கு வெளிப்பக்கம் அகன்று உள்ளே குறுகும், உள்விளிம்பில் பலகைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே பஞ்சுத்திரி, அதன் மேல் பட்டி. பழைய பட்டியை நோண்ட ஒரு பழைய அரத்தின் வால்முனையைச் சூடாக்கி வளைத்துக் கொக்கி செய்துகொண்டால் போதும். அந்தக் கொக்கி பலகை விளிம்பை உரசிச் சீவாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெஷின் வாள் விட்டால் இடுக்கு அகலமாகிவிடும். பட்டி போனதும் பஞ்சைக் குத்திப் பாருங்கள். வெளுப்பாக, இறுக்கமாக இருந்தால் அதை அப்படியே விடுங்கள். கறுத்து, பிய்ந்து கையோடு வந்தால் மட்டும் மாற்றுங்கள். படகு முழுவதையும் ஒரே தடவை பிடுங்கி எடுத்தால் அதன் உருவமே தளர்ந்துபோகும்.

புதுப் பஞ்சைத் திரியாக உருட்டி, கலப்பத்து உளியால் சின்னச் சின்ன மடிப்பாக இடுக்கில் சொருகிக்கொண்டே போங்கள். அகலமான இடத்தில் மடிப்பு நெருக்கமாக, குறுகிய இடத்தில் கிட்டத்தட்ட நேராக. கொஞ்ச தூரம் சொருகியதும் திரும்பி வந்து கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியால், அடித்து இறக்குங்கள். முதல் அடிகளில் சத்தம் மந்தமாக இருக்கும், பஞ்சு இறுக இறுக அது மணி மாதிரி தெளிவாகும். தெளிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேலும் அடித்தால் பஞ்சு உள்பக்கம் பிதுங்கும், அல்லது பலகைகளையே விலக்கிவிடும். புதிதாக அடிப்பவர்கள் எல்லோரும் அதிகமாகத்தான் அடிப்பார்கள். காய்ந்த படகில் இடுக்கு அகலமாகத் தெரிவதைப் பார்த்துப் பயந்து நிறையத் திணிக்கத் தோன்றும், மீதி வேலையை உப்பும் மரம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுங்கள்.

பஞ்சின் மேலும் இடுக்கின் இரண்டு சுவர்களிலும் பிரைமர் தடவிக் காயவிட வேண்டும். காய்ந்த மரத்தில் நேராகப் பட்டி வைத்தால் அதன் எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும், பட்டி பொடியும். பட்டி எண்ணெய் வகையாக, எப்போதும் மிருதுவாக இருப்பதாக வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இடுக்கை வழிய நிரப்பாமல் ஒரு மயிரிழை குழிவாகவே விடுங்கள். மரம் உப்பும்போது அது தானாக மேலே வந்து மட்டமாகும். வழிய நிரப்பினால் தண்ணீரில் இறங்கியதும் கயிறு ஒட்டின மாதிரி வரி வரியாகத் துருத்தும்.

தேய்ப்பது

வளையக்கூடிய நீளப் பலகையின் இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்து, அடியில் 80 நம்பர் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். படகின் வளைவுக்குக் குறுக்குச் சாய்வாக, ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் என்று தேயுங்கள். மேட்டை அது எடுக்கும், பள்ளத்தைத் தாண்டிப் போகும். எது மேடு எது பள்ளம் என்று கண்ணைவிட உள்ளங்கைக்குத்தான் நன்றாகத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். பிறகு 120. அதற்கு மேல் வழவழப்பாக்கினால் பிரைமருக்குப் பிடிப்பு இருக்காது.

பெயிண்ட்

இப்போது டப்பாவைத் திறக்கலாம். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இறுகும், அசையும் பலகையில் ஒவ்வொரு இடுக்கின் மேலும் கோடு விட்டு உடையும். பழைய படகுக்குச் சாதாரண ஒற்றை டப்பா கடல் எனாமலே பொருத்தம். கறுப்பும் கருநீலமும் அழகுதான், ஆனால் வெயிலை வாங்கிப் பலகையைச் சுட வைத்து இடுக்கைத் திறக்கும். பக்கப் பலகைகளுக்கு வெள்ளை, இல்லாவிட்டால் வெளிர் நிறம்.

முதல் பிரைமரைத் தின்னர் கலந்து தண்ணியாக அடியுங்கள், மரத்துக்குள் இறங்கட்டும். அடுத்தது கெட்டியாக. பிரைமர் காய்ந்த பிறகுதான் எத்தனை குழியை விட்டுவிட்டோம் என்று தெரியும், அவற்றுக்குப் பட்டி பார்த்து, 220 போட்டு லேசாக இழுத்து, துடைத்து, அப்புறம் எனாமல் இரண்டு கோட். இரண்டு பேர் சேர்ந்து செய்வது சுலபம்: ஒருவர் ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லியதாக உருட்டிக்கொண்டு போக, பின்னாலேயே இன்னொருவர் காய்ந்த பிரஷின் நுனியால் தொட்டும் தொடாமலும் ஒரு இழுப்பு. விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். கொசு விழுந்தாலும் அப்படியே விடுங்கள், காய்ந்ததும் தேய்த்தால் போய்விடும்.

காலைப் பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து, பிற்பகல் சாய்வதற்குள் முடியுங்கள். ஈரப் பெயிண்டில் பனி இறங்கினால் மறுநாள் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும்.

வார்னிஷ் அடிக்கும் மரமென்றால் முதல் கோட்டில் பாதிக்குப் பாதி தின்னர், அடுத்ததில் கால் பங்கு, அதன் பின் குறைத்துக்கொண்டே வந்து ஆறேழு கோட். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் அந்த மரத்துக்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்குங்கள்.

பாசி தடுக்கும் அடிப்பெயிண்ட் கடைசி. அதை அடித்த எத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதைக் கணக்குப் பண்ணி அடியுங்கள்.

இறக்குவது

மூன்று நான்கு நாள் முன்பே படகின் உள்ளே ஈரச் சாக்குகளை விரித்து, அவ்வப்போது தண்ணீர் தெளித்து வாருங்கள். உள்ளே தண்ணீரை நிரப்பி வைக்காதீர்கள், அந்த எடையைத் தாங்கும்படி படகு கட்டப்படவில்லை. இறக்கியதும் ஒழுகும், அது நிச்சயம். கயிற்றிலோ பட்டையிலோ தொங்கவிட்டபடியே ஒரு நாளாவது வைத்திருந்து, பம்பு ஒன்றும் வாளி ஒன்றும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் ராத்திரி யாராவது கூடவே இருங்கள். பிடிவாதமாக ஒழுகும் இடுக்குக்கு ஒரு பழைய வித்தை உண்டு: கோலின் நுனியில் டப்பாவைக் கட்டி, அதில் மரத்தூள் போட்டு, தண்ணீருக்கு அடியில் அந்த இடத்தில் கவிழ்த்துவிட்டால் உள்ளே போகும் தண்ணீரே தூளை இழுத்துக்கொண்டு போய் அடைக்கும். மரம் உப்பி வாங்கிக்கொள்ளும் வரைக்கும் அது தாங்கும்.

ஒவ்வொரு மணிக்கும் எத்தனை வாளி என்று எழுதி வையுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் தூங்கப் போகலாம். நான்கைந்து நாள் ஆகியும் குறையவில்லை என்றால் படகைத் தூக்குங்கள், ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை இறைக்காமல் விட்டுத் தூக்குங்கள். வெளியே துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்தண்ணீர் எந்த இடுக்கு வழியாக வந்ததோ அதே வழியாகச் சொட்டும். காய்வதற்குள் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.